முள்ளி கேட்டுப் பார்த்த விடைத்தாள்

சிற்றாற்றங்கரைக் காட்டில் முள்ளி என்ற முள்ளம்பன்றியும் செம்பன் என்ற கீரியும் நண்பர்களாக இருந்தார்கள். இருவருக்கும் சட்டப் பள்ளியில் சேர ஆசை. காட்டு நீதிமன்றத்தில் அங்கே படித்தவர்கள் மட்டுமே வழக்காட முடியும்.

முள்ளிக்கு அதில் தனிக் காரணமும் இருந்தது. அவள் குடும்பத்தின் பழைய வளையில் ஓர் உடும்புக் குடும்பம் குடியேறிவிட்டது. கேட்டால் வெளியே வர மறுத்தது.

“நீ சட்டம் படித்து வந்து நமக்காகப் பேசு. அதுவரை இந்தப் பாறை இடுக்கில் இருந்துகொள்வோம்” என்று சொல்லித்தான் அப்பா அவளை நுழைவுத் தேர்வுக்கு அனுப்பினார்.

எண்பது வரும் என்று நம்பியிருந்தாள் முள்ளி. ஐம்பத்தெட்டுதான் வந்தது! செம்பனுக்கும் அதே ஐம்பத்தெட்டு. மதிப்பெண் பலகையைப் பார்த்தபடி இருவரும் நின்றார்கள்.

தேர்வு நடத்தும் நாரை அருகில் வந்தது.

“இதை வைத்தே விண்ணப்பிக்கலாம். இடம் கிடைத்தாலும் கிடைக்கும், கிடைக்காமலும் போகும். இல்லையென்றால் இன்னும் இரண்டு தேர்வு இருக்கிறது, மாதத்துக்கு ஒன்று. ஆனால் கடைசியாக எழுதியதுதான் செல்லும். பழைய மதிப்பெண் அழிந்துவிடும்.”

“மறுபடி எழுதுவோம்” என்றான் செம்பன் உடனே.

“குறைந்துவிட்டால்?”

“எப்படிக் குறையும்? ஒருமுறை எழுதிப் பழகிவிட்டோமே.”

முள்ளிக்கு அவ்வளவு தைரியம் வரவில்லை. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவும் இல்லை. மூன்றாம் நாள் நாரையிடம் போனாள்.

“என் விடைத்தாளைப் பார்க்கலாமா?”

நாரை அவளை வியப்போடு பார்த்தது. “இதுவரை யாரும் கேட்டதில்லையே” என்று சொல்லி எடுத்து வந்து கொடுத்தது.

தாளில் இருந்த இருபது வழக்குகளில் எட்டுக்கு அவள் தவறான தீர்ப்பு எழுதியிருந்தாள். எட்டிலும் ஒரே தவறு. யார் புகார் சொன்னாரோ அவருக்கே தீர்ப்பு! எதிர்த்தரப்பு சொன்னதை அவள் படித்ததாகவே தெரியவில்லை.

ஏழாவது வழக்கை அவள் மறுபடி மறுபடி படித்தாள். ஓர் எலி தன் வளையை விட்டுப் போய் நான்கு மழைக்காலம் கழித்துத் திரும்பியது. மூன்றாவது மழைக்காலத்தில் குடிவந்த ஒரு தவளை வளையில் இருந்தது. வளை யாருக்கு? கேள்வியின் மேலேயே சட்டம் எழுதியிருந்தது: ‘இரண்டு மழைக்காலம் ஆளில்லாமல் கிடந்த வளை, அதன்பின் குடிவந்தவருக்கே சொந்தம்.’ அதன் கீழே அவள் எழுதியிருந்தாள்: ‘வளை எலிக்கே.’

முள்ளி நேரே வீட்டுக்கு ஓடினாள்.

“அப்பா, நாம் மலைக்குப் போய் எத்தனை மழைக்காலம் இருந்தோம்?”

“மூன்று. அங்கே கிழங்கு நன்றாகக் கிடைத்ததே.”

“உடும்பு எப்போது வந்தது?”

“மூன்றாவது மழை முடிந்த பிறகு. ஏன் கேட்கிறாய்?”

“அப்படியென்றால் வளை உடும்புக்குத்தான் சொந்தம், அப்பா.”

அப்பாவின் முட்கள் எல்லாம் சிலிர்த்து நின்றன. “இதைச் சொல்லவா உன்னைத் தேர்வுக்கு அனுப்பினேன்?”

“எனக்கும் இப்போதுதான் தெரியும். நம் பக்கம்தான் நியாயம் என்றே இதுநாள்வரை நினைத்திருந்தேன்.”

 அன்று முழுவதும் அப்பா அவள் முகத்தையே பார்க்கவில்லை. மறுநாள் காலையில் எதிர்க்கரையிலிருந்து மண் பறிக்கும் சத்தம் கேட்டது. முள்ளி எட்டிப் பார்த்தாள். அப்பா புது வளை தோண்டிக்கொண்டிருந்தார். அவளும் ஆற்றைக் கடந்து போய் மண்ணைத் தள்ளிவிட்டாள்.

அந்த மாதம் முழுக்க அவள் பழைய வழக்குகளைப் படித்தாள். புகார் சொன்னவர் யார், எதிர்ப்பவர் யார் என்ற இடத்தை இலையால் மூடிக்கொண்டு, நடந்தது என்ன என்பதை மட்டும் முதலில் படித்தாள். பிறகு இரண்டாவது தேர்வை எழுதினாள். எண்பத்து நான்கு வந்தது. அன்றே விண்ணப்பித்துவிட்டாள்.

செம்பனுக்கு ஐம்பத்தேழு.

“உன் விடைத்தாளைக் கேட்டு வாங்கிப் பார், செம்பா.”

“முடிந்துபோன தேர்வைப் பார்த்து என்ன செய்ய? அடுத்ததில் பிடித்துவிடுவேன்” என்று சொல்லிவிட்டு அவன் மூன்றாவது தேர்வையும் எழுதினான். ஐம்பத்தொன்று வந்தது. அதை வைத்து விண்ணப்பித்தான்.

பள்ளியில் இடம் பெற்றவர்களின் பட்டியல் வெளியானது. முள்ளியின் பெயர் மேலே இருந்தது. செம்பன் தன் பெயரைத் தேடிக்கொண்டே கடைசி வரிக்கு வந்தான். கடைசி இடம் ஒரு மரநாய்க்குப் போயிருந்தது. அதன் மதிப்பெண் ஐம்பத்தெட்டு!

செம்பன் அந்த எண்ணை விட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றான். முள்ளி பக்கத்தில் வந்து நின்றதுகூட அவனுக்குத் தெரியவில்லை.

எங்கே தவறினோம் என்று பார்த்துத் திருத்திக்கொண்டவருக்கே மறுமுயற்சி பலன் தரும்; பார்க்காதவர் கையில் இருப்பதையும் இழந்துவிடுவார்.