ராஜா குடுத்த மூணு அண்டா

ஒரு ஊர்ல ஒரு அண்டாவை நடுத்தெருவுல மறிச்சுப் பிடிச்சுட்டாங்க. திருடனைப் பிடிக்கிற மாதிரி நாலு பக்கமும் சிப்பாய், நடுவுல மந்திரி. கடகடகடன்னு அதை வண்டியில வச்சுத் தள்ளிக்கிட்டு வந்தவன் பேரு மாசிலாமணி. திருதிருன்னு முழிச்சான்.

"யாரு அண்டாடா இது?"ன்னாரு மந்திரி.

"ஊர் அண்டாங்க."

"எந்த மதத்து அண்டா?"

"ஆடி மாசம் அம்மன் கோயில்ல கூழ் காய்ச்சுவாங்க. நோன்பு வந்தா பள்ளிவாசல்ல கஞ்சி. மாதா கோயில் திருவிழான்னா ஊரே ஒண்ணா உக்காந்து சாப்பிடற அசனச் சோறு. மத்த நாள் எங்க வீட்டுப் பின்னாடி கவுந்து கெடக்கும். அதுக்கு என்ன மதம்னு நான் கேட்டதில்லீங்க."

"உள்ள என்ன?"

"கூழுங்க. கோயில்ல இருந்து வருது. வாங்குன ஏனத்தை வெறுமனே திருப்பி அனுப்ப மாட்டாங்க, அடியில கொஞ்சம் வச்சுத்தான் அனுப்புவாங்க. பாருங்க, தெருப்பிள்ளைங்க டம்ளரோட நிக்குதுங்க."

ம் கொட்டு. கொட்டலேன்னா இதோட நிறுத்திடுவேன்.

"ம்."

அந்த ராஜா கெட்டவர் இல்ல. கெட்டவரா இருந்திருந்தா ஈஸி. அவருக்கு எல்லா மதமும் பிடிக்கும். அதுதான் தொல்லை. மந்திரி போய்ச் சொன்னதும் ராஜா பொலபொலன்னு அழுதுட்டாரு. "என் நாட்டுல சாமிக்குச் சமைக்க ஏனம் இரவல் வாங்குறாங்களா!"

அப்புறம் டொங், டொங், டொங்னு மூணு புது அண்டா வந்து இறங்குச்சு. கோயிலுக்கு ஒண்ணு, பள்ளிவாசலுக்கு ஒண்ணு, மாதா கோயிலுக்கு ஒண்ணு. மூணுலயும் ராஜா மூஞ்சி. அப்போ பழைய அண்டா? அதை உடைச்சு உருக்கி, எல்லா மதமும் ஒத்துமையா இருக்கணும்னு ஒரு சிலை வைக்கப் போறாங்களாம். யாரு சிலை? ராஜா சிலைதான், வேற யாரு.

மாசிலாமணி கையில ஒரு சம்மட்டியைக் குடுத்து, "உடைச்சு வை, வந்து பாக்கறேன்"னுட்டுப் போயிட்டாரு மந்திரி.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மன் கோயில் புது அண்டாவுல கூழ் கொதிக்குது, பொளக் பொளக். சடையாண்டிப் பூசாரி அம்மனுக்கு மாலை எடுத்துட்டுப் போறாரு. "யோவ் நில்லு. மாலை மொதல்ல அண்டாவுல இருக்கற ராஜாவுக்கு"ன்னான் சிப்பாய்.

"அம்மன் கோவிச்சுக்கும்யா."

"அம்மனா அண்டா குடுத்துச்சு?"

பூசாரி மாலையை ராஜா மூஞ்சிக்குப் போட்டுட்டு வெளிய நடந்தாரு. மறுநாள் மாசிலாமணி சம்மட்டியைத் தூக்கிக்கிட்டு வீட்டுப் பின்னாடி போறான். பாத்தா, பழைய அண்டா அடியில கூழ், ஆவி பறக்குது! பூசாரி சத்தமில்லாம வந்து காய்ச்சிப் படைச்சுட்டு, வழக்கப்படி மிச்சம் வச்சுட்டுப் போயிருக்காரு. சாப்பாடு இருக்கற ஏனத்துல யாராவது சம்மட்டியைப் போடுவாங்களா? மந்திரி வந்தாரு. எட்டிப் பாத்தாரு. "சரி, அப்புறமா உடை"ன்னாரு.

"ம்."

அப்புறம் நோன்பு வந்துச்சு. பொழுது சாஞ்சு பாங்கும் சொல்லியாச்சு. எல்லாரும் கையில பேரீச்சம்பழத்தோட உக்காந்திருக்காங்க. "யாரும் வாயில வைக்கக் கூடாது, ராஜா ரெண்டு வார்த்தை பேசுவாரு"ன்னாங்க. ராஜா ஒத்துமையைப் பத்திப் பேசுறாரு. பேசுறாரு. பேசிக்கிட்டே இருக்காரு. செய்யது பாய் வயிறு கொடகொடங்குது. எந்திரிச்சாரு.

"ராஜா, சூரியன் மறையற வரைக்கும் நாங்க அல்லாவுக்காகப் பட்டினி. அதுக்கு மேல கெடக்கறது உங்களுக்காக."

ராஜாவுக்குப் பெருமை தாங்கல. நன்றி சொன்னாரு!

மறுநாள் மாசிலாமணி போனா, பழைய அண்டாவுல கஞ்சி. மறுபடியும் சம்மட்டி மூலைக்குப் போச்சு.

அப்புறம் மாதா கோயில் திருவிழா. அதுக்குள்ள ராஜா இன்னும் நல்லவரா ஆயிட்டாரு. ஒருத்தருக்குக் கறி, இன்னொருத்தருக்குக் கூழ்னா பொறாமை வருமாம். அதனால இனிமே மூணு அண்டாவுலயும் ஒரே சாப்பாடு. உப்புத் தண்ணியில கொஞ்சம் அரிசி. அசனத்துக்குச் சமைக்கற ரெஜினா அக்கா ஒரு கரண்டி எடுத்துப் பாத்துச்சு. "திருவிழாவா, இல்ல ஊருக்கே காய்ச்சலா?"ன்னு கரண்டியை வீசிட்டு விறுவிறுன்னு மாசிலாமணி வீட்டுக்கு வந்துருச்சு. பழைய அண்டாவுல சோறு, ஆட்டுக்கறிக் குழம்பு, வாசனை அரண்மனை வரைக்கும் போச்சு. தூங்கிட்டியா?

"இல்ல. கறி."

ம். வாசனையைப் பிடிச்சுக்கிட்டு ராஜாவே வந்துட்டாரு. பின்னாடி மந்திரி, சிப்பாய்ங்க, ஊரு சனம்.

"ஏன்டா இன்னும் உடைக்கல?"

"உள்ள சாப்பாடு இருக்குதுங்க."

மந்திரி சும்மா இருப்பாரா? "டேய், தின்னு தீத்துடுங்கடா"ன்னாரு. சிப்பாய்ங்க உக்காந்துட்டாங்க. சளக் புளக், சளக் புளக். மந்திரி வழிச்சு நக்குனாரு. ராஜாவும் ரெண்டாந்தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரு. ஏவ்னு ஒரு ஏப்பம். தெருப்பிள்ளைங்க டம்ளரைப் பிடிச்சுக்கிட்டு அண்டாவை எட்டிப் பாத்தாங்க. ஒரு பருக்கை இல்ல.

"நல்லாத்தான்டா இருக்கு"ன்னாரு ராஜா, கையைத் துடைச்சுக்கிட்டே. "இப்ப காலி. அடி."

மாசிலாமணி சம்மட்டியைக் கையில எடுத்தான். இதுவரைக்கும் அவன் மாட்டேன்னு சொன்னதே இல்ல. ஒவ்வொரு தடவையும் சாப்பாடுதான் அவனுக்காகச் சொல்லுச்சு. இப்ப சொல்றதுக்கு எதுவும் மிச்சமில்ல.

"சாப்பிட்டீங்கள்ல"ன்னான் ராஜாகிட்ட. "வெறுமனே திருப்பித் தர்றீங்களே."

ராஜா மூஞ்சி செவந்து போச்சு. "அடிக்கறியா, ஜெயிலுக்குப் போறியா?"

"அப்புறம்?"

அப்புறமும் இல்ல, கிப்புறமும் இல்ல. கதைக்கே கொட்டாவி வருது, நீயும் கண்ணை மூடு. ராஜா அடின்னாரு. மாசிலாமணி அடிக்கல.