இரண்டாவது வண்டு

செங்கோடன் இடுப்பளவு தண்ணீரில் நின்றார். காலை ஆறு மணிக்கு இறங்கியவர். இப்போது மணி மூன்று. பாசியை அள்ளி வெள்ளைத் தட்டில் கொட்டிக் குனிந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து இறுகிப்போயிருந்தது.

நாற்பத்தெட்டு வயதில் ஆலை வேலையை விட்டுவிட்டு, நீர்ப்பூச்சிகளைப் பற்றிப் படிக்க இன்பவல்லியிடம் வந்து சேர்ந்தவர் அவர். இன்பவல்லி அவரைவிட ஆறு வயது இளையவர். ஆனாலும் அவர்தான் குரு.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கலெக்டர் அலுவலகத்தில் விசாரணை. குட்டையை மண்போட்டு மூடிவிட்டுக் கடை கட்டப்போகிறார்கள். நீரில் ஊர்ந்தே திரியும் ஒருவகை வண்டு இந்தக் குட்டையில் மட்டும்தான் இருக்கிறது, மூடக்கூடாது என்று இன்பவல்லி எழுதிக் கொடுத்திருந்தார். சான்று கேட்டிருந்தார்கள்.

தட்டில் ஏதோ நகர்ந்தது.

எள்ளைவிடச் சற்றுப் பெரியது. மஞ்சள் முதுகில் கரும்புள்ளிகள். பின்கால்களைச் சேர்த்து உதைத்து நீந்தத் தெரியாமல், நடப்பதைப் போல மாற்றி மாற்றிப் போட்டது.

"அம்மா! கிடைச்சிருச்சுங்க!"

குப்பியில் விட்டுக்கொண்டு கரைக்கு ஓடினார். இன்பவல்லி பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

"ஆண் வண்டு."

செங்கோடனின் சந்தோஷம் அத்தோடு அடங்கிப்போயிற்று. இதே நிறத்தில், இதே புள்ளிகளோடு சாதாரண வண்டுகள் ஊருக்கு ஊர் உண்டு. இது அந்த வண்டுதான் என்று சொல்ல, ஆணின் உள்ளுறுப்பில்தான் அடையாளம்; அதைக் கொன்று வயிற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். படம் காட்டினால் செல்லாது.

"எத்தனை கிடைச்சுது?"

"இது ஒண்ணுதானுங்க." "கொன்னா இது போயிரும். கொல்லாட்டி குட்டையே போயிரும். நான் என்ன பண்ணட்டுங்க?"

இன்பவல்லி குப்பியை வாங்கினார். செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீருக்குள் இரண்டடி வைத்தார். குப்பியைக் கவிழ்த்தார்.

செங்கோடன் தண்ணீருக்குள் பாய்ந்து கையால் துழாவினார்.

"ஐயோ, என்னங்கம்மா பண்ணிட்டீங்க! ஒன்பது மணி நேரமுங்க!"

"இது ஒண்ணுதான் இருக்குதுன்னா, இதையும் கொன்னுட்டு நாளைக்கு எதைக் காப்பாத்தச் சொல்லுவீங்க?"

இன்பவல்லி வெள்ளைத் தட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"இன்னும் இருக்குதுன்னா, தேடுங்க."

மறுபடி இறங்கினார். நான்கு மணி ஆயிற்று. தட்டில் நத்தைக் குஞ்சுகள், கொசுப் புழுக்கள், வெறும் பாசி. ஒருவேளை அது ஒன்றேதானோ? அதைத்தான் கையிலிருந்து விட்டுவிட்டோமோ? ஒவ்வொரு தட்டையும் கொட்டும்போது பயம் கூடிக்கொண்டே போனது. வெயில் தாழ்ந்தது. புள்ளிகளெல்லாம் கண்ணில் ஒன்றாகக் கலங்கின.

ஐந்தரை மணிக்கு, வடகரையோரம் நாணலுக்கடியில் கிடந்த பாசிக் கொத்தை உதறினார். ஒன்று விழுந்தது. இன்னொன்று. மூன்று, நான்கு. பதினொன்றுக்குமேல் எண்ண முடியவில்லை. தண்ணீரிலேயே மண்டியிட்டு அழுதார்.

பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்து ஓர் ஆண் வண்டை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றவற்றை அதே பாசியில் விட்டுவிட்டுக் கரையேறினார்.

இன்பவல்லி, வண்டைக் கொன்று பதப்படுத்தும் ஆல்கஹால் குப்பியைத் திறந்து நீட்டினார்.

"நீங்களே போட்டுருங்கம்மா. எனக்குக் கை நடுங்குது."

"நடுங்கறதாலதான் உங்ககிட்டக் குடுக்கறேன்."