வெள்ளை நூல் கட்டிய சுவடி

ஆற்றங்கரை மடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. செல்லரித்த சுவடியைப் புது ஓலையில் படியெடுத்து முடித்ததும் பழைய கட்டுக்கு மஞ்சள் நூல் கட்டுவார்கள். படியெடுக்காத கட்டுக்கு வெள்ளை நூல். ஆடிப் பதினெட்டு அன்று மஞ்சள் நூல் கட்டுகளுக்கெல்லாம் சூடம் காட்டி, புதுவெள்ளத்தில் விட்டுவிடுவார்கள்.

அந்த வருஷம் வெள்ளத்தோடு போனவற்றில் ஒன்று போகக்கூடாத கட்டு.

நூறு வருஷத்துக்கு முன் அந்த மடத்துத் துறவி ஒருவர் கப்பலேறிப் போய், சீனம், சாவகம், அரபு தேசம் என்று சுற்றிவிட்டுத் திரும்பியிருந்தார். கண்டதும் கேட்டதுமாக அவர் எழுதிவைத்த உலக சரித்திரம் அது. அதற்கு வேறு பிரதி கிடையாது.

படியெடுக்கும் பொறுப்பு வைத்திலிங்கத் தம்பிரானுடையது. அறுபத்திரண்டு வயது. எழுத்து முத்து முத்தாக இருக்கும். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. ஆடிக்குள் முடித்துவிடலாம் என்ற தைரியத்தில், முதல் ஏட்டை எழுதும் முன்பே மஞ்சள் நூலைக் கட்டிவிட்டார். பிள்ளை பிறக்கும் முன்னே பெயர் வைத்த கதைதான். நடுவில் காய்ச்சல் வந்து படுத்துவிட்டார். மடத்து ஆட்கள் பாவம், நூலின் நிறத்தைப் பார்த்தார்கள், எடுத்துப் போனார்கள்.

விஷயம் தெரிந்ததும் தம்பிரான் ஆற்றில் குதித்தார். நாலு பேர் சேர்ந்து இழுத்துக் கரையில் போட்டார்கள்.

ஈர வேட்டியோடு குருவின் முன் வந்து நின்றார். குரு அவரைவிட முப்பது வயது இளையவர்.

"என்ன தம்பிரானே, ஆத்துல குதிச்சீராமே?"

தம்பிரான் தன் எழுத்தாணியை எடுத்துக் குருவின் காலடியில் வைத்தார்.

"இனிமே இதைத் தொட மாட்டேன் சாமி. அந்த மனுஷன் உலகம் பூரா நடந்த நடையை ஒரு நூலால அழிச்சுட்டேன்."

அழுதார். குரு அழவிட்டார்.

"எத்தனை தடவை படிச்சீர்?"

"மூணு தடவை."

"அதுல என்ன இருந்துது?"

"தொண்ணூத்தாறு ராஜாக்கள் சாமி. யாரு யாரை வெட்டினான், எத்தனை வருஷம் ஆண்டான்னு…" தம்பிரான் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "ஒரு பேர்கூட வரலையே."

"வேற?"

"சீனத்துல ஒரே பனி. சாமியார் கால் மரத்துப் போச்சு. சத்திரக்காரி ஒருத்தி அந்தக் காலைத் தன் மடியில வச்சு விடிய விடியத் தேய்ச்சுவிட்டா. ரெண்டு பேருக்கும் பாஷை தெரியாது. புறப்பட்டப்போ தெருமுனை வரைக்கும் வந்து நின்னாளாம்."

குரு எழுத்தாணியை எடுத்தார். ஒரு புது ஓலையில் எழுத ஆரம்பித்தார்.

"அப்புறம்?"

"அரபு தேசத்துத் துறைமுகத்துல கண் தெரியாத ஒருத்தர், 'உங்க ஊர்ல மழை பெஞ்சா மண்ணு எப்படி மணக்கும்'னு கேட்டாராம். சாமியாருக்குச் சொல்லத் தெரியலை. மடியில முடிஞ்சு வச்சிருந்த நம்ம ஆத்து மண்ணை அவர் உள்ளங்கையில வச்சு, தண்ணி தெளிச்சு, மோந்து பாருங்கன்னாராம்."

குரு நிமிர்ந்தார். எழுத்தாணியைத் தம்பிரான் பக்கம் நீட்டினார்.

"மிச்சத்தை நீரே எழுதும். என் எழுத்து கோணல்."

தம்பிரான் வாங்கவில்லை. "இது எப்படி சாமி சரித்திரமாகும்? ராஜாக்கள் அத்தனை பேரும் போயிட்டாங்களே!"

"அவங்க கல்லுல வெட்டி வச்சிருப்பாங்க. அந்தச் சத்திரக்காரிக்கு உம்மை விட்டா யார் இருக்கா?"

தம்பிரான் கையை நீட்டி எழுத்தாணியை வாங்கிக்கொண்டார்.

நாலாம் நாள் சாயங்காலம் வந்தார். இருபத்திரண்டு ஏடுகள், கோத்து எடுத்துவந்திருந்தார். ஒரு கையில் மஞ்சள் நூல், மறு கையில் வெள்ளை நூல்.

"எதைக் கட்டட்டும் சாமி?"

"வெள்ளை."

"எழுதி முடிச்சாச்சே?"

"இன்னும் ஞாபகம் வரும்."