ராயர் தூக்கிய இரும்புப் பட்டை

முன்னொரு காலத்தில் செம்பாறை நாட்டைக் கொற்றமல்லன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். மனசு தங்கம்தான். ஆனால் கடைசியாகக் காதில் பேசியவர் யாரோ, அவர் சொன்னதுதான் அன்றைய சட்டம். இதனாலேயே மந்திரி அழகியநம்பிக்குப் பாதித் தலை நரைத்துப்போயிருந்தது.

அரண்மனைத் தேர்ப்பட்டறையில் மூத்த ஆசாரிகள் நாலு பேர். அவர்களுக்கும் வயசாகிறதே என்று, தொழில் பழகப் பத்துப் பேரைச் சேர்த்திருந்தார் மந்திரி. சாப்பாடு அரண்மனையில். மூன்று வருஷம் பழகி முடித்தால் எந்த ஊரிலும் பட்டறை போட்டுப் பிழைத்துக்கொள்ளலாம். அந்தப் பத்துப் பேரில் வடிவும் ஒருத்தி. அவள் புருஷன் வண்டிக்காரன். மலைச்சரிவில் சக்கரம் உடைந்து செத்துப்போனான். "உடையாத சக்கரம் செய்யக் கத்துக்கணும்" என்று இரண்டு பிள்ளைகளோடு வந்து நின்றவள். இன்னும் ஆறே மாதம்தான் பாக்கி.

மந்திரிக்கு நல்ல பெயர் வந்தால் அரண்மனை அதிகாரி நாகலிங்க ராயருக்கு வயிறு எரியும். ஒருநாள் சபையில் எழுந்தார்.

"அரசே, பட்டறையில் பத்துப் பேர் சும்மா சாப்பிடுகிறார்கள். மரத்தையும் கெடுக்கிறார்கள், இரும்பையும் கெடுக்கிறார்கள். வேலை தெரிந்த நாலு பேர் இருக்கும்போது தெரியாத பத்துப் பேர் எதற்கு?"

"அதானே, எதற்கு? நாளைக்கே அனுப்பிவிடுங்கள்!" என்றார் ராஜா.

எதிர்த்துப் பேசினால் ராஜாவுக்குப் பிடிவாதம் ஏறும். அது மந்திரிக்குத் தெரியாதா? "உத்தரவு அரசே. ஒரே ஒரு விண்ணப்பம். தாங்கள் பவனி போகும் தேரில் ஒரு சக்கரத்தைச் சுற்றிப் புது இரும்புப் பட்டை மாட்டவேண்டும். அவர்களை அனுப்பிய கையோடு, வேலை எவ்வளவு நன்றாக நடக்கிறது என்று தாங்களும் ராயரும் வந்து பார்க்கவேண்டும்."

"நான் வராமலா?" என்று ராயர் பட்டு அங்கவஸ்திரத்தை இழுத்துவிட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை பத்துப் பேரும் மூட்டையோடு வெளியேறினார்கள். வடிவு வாசலைத் தாண்டியதும் நின்றுவிட்டாள். திரும்பிப் பட்டறையையே பார்த்தாள், பாவம். மற்றவர்களும் அவளோடு நின்றார்கள்.

உள்ளே வறட்டித் தீயில் இரும்புப் பட்டை சிவந்து கிடந்தது. பக்கத்தில் மரச்சக்கரம். மூத்தவர் மாடசாமி ஆசாரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"என்ன ஆசாரி, ஆரம்பிக்கலாமே?" என்றார் ராஜா.

"ஆறு பேர் இடுக்கி பிடிச்சு ஒரே மூச்சுல தூக்கி, சக்கரத்துமேல இறக்கணும் மகாராஜா. நாங்க நாலு பேரும் சுத்தியல் போடணும். தூக்குறவங்கதான் வெளிய போயிட்டாங்களே."

ராயர் விழுந்து விழுந்து சிரித்தார். "தூக்குவதற்கும் ஒரு படிப்பா?"

"நானும் அதையேதான் நினைத்தேன்" என்றார் மந்திரி சாதுவாக. "ராயரும் அவருடைய சேவகர்கள் ஐந்து பேரும் இருக்கிறார்கள். ஆறு பேர் கணக்காக இருக்கிறது."

"பேஷ்! தூக்குங்கள் ராயரே!" என்று ராஜா கைதட்டினார்.

தப்ப வழியில்லை. ஆறு பேரும் இடுக்கியைப் பிடித்தார்கள். ஒருவன் முதலில் தூக்கினான், ஒருவன் பிறகு தூக்கினான், ராயர் தூக்கவே இல்லை. பட்டை கோணலாகச் சக்கரத்தின்மேல் விழுந்தது. மரம் குப்பென்று பற்றிக்கொண்டது. தண்ணீர் ஊற்றப்போன சேவகன் பதற்றத்தில் குடத்தை ராயர் தலையில் கவிழ்த்தான். ராயர் இடுக்கியைப் போட்டுவிட்டு ஓடினார்.

புகையைப் பார்த்த வடிவு மூட்டையை எறிந்துவிட்டு உள்ளே பாய்ந்தாள். பின்னாலேயே மற்ற ஒன்பது பேரும். "புடி! தூக்கு!" என்று அவள் ஒரு குரல் கொடுத்தாள். ஆறு இடுக்கிகளும் ஒன்றாக எழுந்தன. பட்டை நேராக இறங்கியது. சுத்தியல்கள் விழுந்தன. "தண்ணிய சுத்திலும் ஊத்து, ஒரே இடத்துல ஊத்தாதே!" என்றாள். இரும்பு சீறிச் சுருங்கி, மரத்தைக் கவ்விக்கொண்டது.

"சக்கரம் பிழைத்தது!" என்று ராஜா துள்ளினார்.

வடிவு அதைத் தடவிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். "இது வேணாம் மகாராஜா. ஒரு பக்கம் கருகிப்போச்சு. மேட்டுல நிக்கும், சரிவுல விட்டுடும். பொழுது சாயறதுக்குள்ள வேற போட்டுத் தர்றோம்."

ராஜா குனிந்து அந்தக் கருகிய பக்கத்தைப் பார்த்தார். பிறகு, "என் உயிருக்காக இந்தச் சபையில் யாரும் இவ்வளவு கவலைப்பட்டதில்லையம்மா" என்றார். மந்திரி பக்கம் திரும்பி, "இப்படி ஆகும் என்று உமக்குத் தெரியும், இல்லையா?" என்று கேட்டார்.

"சக்கரம் கெடும் என்று தெரியும் அரசே. ஒரு சக்கரம் போனால் செய்துகொள்ளலாம். இந்தப் பத்துப் பேரை விட்டால் செய்வதற்கு ஆள் இருக்காது."

பத்துப் பேரும் அன்றே பட்டறைக்குத் திரும்பினார்கள். கூடவே பதினோராவதாக இன்னொருவரையும் சேர்த்துவிட்டார் ராஜா. மூன்று மாதம் தொழில் பழக நாகலிங்க ராயர்!

முதல் நாள் ராயர் பட்டு இல்லாமல், அன்று இடுக்கி பிடித்ததில் கொப்புளம் கண்ட உள்ளங்கையைப் பார்த்தபடி ஓரமாக நின்றார். எல்லாரும் சிரிப்பார்கள் என்று பயம். நானாக இருந்தால் சிரித்திருப்பேன். வடிவு சிரிக்கவில்லை. கையில் எண்ணெய் தடவித் துணி சுற்றிவிட்டாள்.

"நான் மொத வருஷம் பதினோரு சக்கரம் கருக்கினேன் ஐயா. யாரும் என்னை வெரட்டல. நீங்க ஒண்ணுதானே கருக்கியிருக்கீங்க?" என்று சொல்லி இடுக்கியை நீட்டினாள்.

ராயர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதை வாங்கினார்.