புங்கமரத்தடி ஆள்

மனக்கவலையைத் தீர்க்கும் இடம் என்று சொல்லி, பூங்காவுக்கு நிதி கேட்டு நகராட்சிக் கூட்டத்துக்கே வந்துவிட்டாள் தோட்டக்காரி செல்லக்கிளி. தலைவர் தணிகாசலம் கேலியாகச் சிரித்தார்.

"செடியைப் பார்த்தா மனக்கவலை தீருமா? அப்படித் தேறின ஒரே ஒரு ஆளை இப்பவே காட்டு. இல்லேன்னா பூங்காவை இழுத்துப் பூட்டிடுவேன்."

"அந்த ஆளு இங்கதான் இருக்காருங்கய்யா. சம்சாரம் தவறினதுலேருந்து தினமும் விடியக்காலையில புங்கமரத்தடியில உக்காந்து தேம்பி அழுவாரு. அப்புறம் குழாய்ல முகத்தைக் கழுவிட்டுத் தெளிவாப் போவாரு. பேரை நான் சொல்ல மாட்டேன். அவரா எழுந்து நின்னாத்தான் உண்டு."

உறுப்பினர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். செல்லக்கிளி மட்டும் தலைவர் பக்கம் திரும்பவேயில்லை.

அழ இடம் கொடுத்தவளைப் பார்த்தா சிரித்தோம் என்று தணிகாசலத்துக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. மெல்ல எழுந்து நின்றார். நிதிக்குக் கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை அவரால் தலை நிமிரவே முடியவில்லை.