போதும் என்பவர் நாடு கடக்க வேண்டும்

முன்னொரு காலத்தில், கடலோர நூறாபட்டணத்தை இளம் சுல்தான் கமருத்தீன் ஆண்டுவந்தார். கப்பல் வந்தால் அவருக்குப் புதிய அங்கி வேண்டும். அணிந்த மறுகணமே அது சலித்துவிடும். நகரத்து இளைஞர்களும் அவரைப் பார்த்தே வாழ்ந்தார்கள். தந்தையின் தோணியை விற்றுச் சரிகைச் செருப்பு வாங்கியவனும் உண்டு. வாங்கிய பின்னும் அவன் முகத்தில் களையில்லை.

கப்பல் சரக்கில் பங்குள்ள வாவு மரைக்காயருக்கு அமைச்சர் பதவியின்மேல் ஒரு கண். ரமலான் மாதத்தில் ஒருநாள் அவர் அவையில் சொன்னார்: "அரசே, 'போதும்' என்பது ஏழைகளின் சொல். அதைச் சொல்பவரை நாடு கடத்துங்கள்."

சுல்தான் அப்படியே கட்டளையிட்டார். மறுநாள் புதுத் தலைப்பாகையைத் தடவிக்கொண்டே, "அடுத்து எதை வாங்கலாம்?" என்று கேட்டார்.

முதிய அமைச்சர் செய்யிது லெப்பைக்குச் சலிப்புத் தாங்கவில்லை. "போதும், அரசே."

"சொல்லிவிட்டார்!" என்று துள்ளினார் மரைக்காயர்.

"நாளைக் காலையில் புறப்படுங்கள்," என்றார் சுல்தான். குரலில் கோபம்கூட இல்லை, களைப்புதான் இருந்தது.

"ஆகட்டும். இன்றைய நோன்புக் கஞ்சியை மட்டும் என் கையால் பரிமாற அனுமதியுங்கள்."

அந்தியில் பாங்கு ஒலித்தது. அமைச்சர் மரைக்காயரின் கிண்ணத்தில் கஞ்சி ஊற்றினார். நிறைந்தது. மேலும் ஊற்றினார்.

"என்ன செய்கிறீர், லெப்பை? நிறுத்தும்!"

"உண்பவர் அந்த ஒரு சொல்லைச் சொன்னால்தானே பரிமாறுகிறவன் கை நிற்கும்? அதற்குத்தான் தடையாயிற்றே!"

கஞ்சி வழிந்து புதுப் பட்டுச் சால்வையில் இறங்கியது. "ஐயோ, போதும்! போதுமய்யா!" என்று அலறினார் மரைக்காயர்.

அவை சிரித்தது. சுல்தானும் சிரித்தபடியே தம் கஞ்சியைக் குடித்து முடித்தார். அமைச்சர் மீண்டும் அகப்பையை நீட்ட, "போதும்," என்றார், தம்மை அறியாமலே.

"அப்படியானால் மூவரும் ஒரே தோணியில் போய்விடலாமா, அரசே?"

சுல்தான் காலிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். பிறகு மெல்லக் கேட்டார்: "இத்தனை கப்பல் வந்தும் இந்தச் சொல் எனக்கு வாயில் வரவில்லையே, ஏன்?"

"வயிறு தன் அளவை அறியும். ஆசைக்கு நாம்தான் அளவைக் கற்பிக்க வேண்டும். அல்லாஹ் அளித்ததில் மனம் நிறைவதையே மார்க்கம் கனாஅத் என்கிறது. நோன்பு அதற்கான பயிற்சி."

கட்டளை அங்கேயே ரத்தாயிற்று. அமைச்சருக்கு அரசர் தம் பக்கத்திலேயே இருக்கை அளித்தார். மரைக்காயரோ அரசர் ஆணைப்படி ரமலான் முடியும்வரை பள்ளிவாசலில் கஞ்சி பரிமாறினார். ஊரார் எல்லாரும் 'போதும்' சொல்லக் கேட்டுக் கேட்டு அவர் காது புளித்தது.

அடுத்த கப்பல் வந்தபோது சுல்தான் எழுந்து பார்க்கவில்லை. நெடுநாளைக்குப் பின் அவருடைய களைப்பு ஆறியது. வாங்கி வாங்கியே களைத்த இளையோரே, நீங்களும் சற்று ஆறுங்கள்.