ஓட்டலிலிருந்து வந்த சோறு

"யூரியாவை நிறுத்திட்டேன். மண்ணு ஏம்மா இன்னும் எங்கூட முறைச்சுக்கிட்டு இருக்கு?"

கேட்டவர் தெய்வநாயகம். உரக்கடை நடத்தி ஓய்ந்து, மடத்துக்குச் சீடராக வந்தவர். மடத்துத் தலைவி வடிவம்மை அவரைவிட வயதில் சின்னவர். அதில் அவருக்கு வருத்தமில்லை. வருத்தமெல்லாம் காராமணிப் பாத்தியில்தான்.

குருபூஜைச் சுண்டலுக்குத் தன் காராமணிதான் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். பழக்கதோஷத்தில் வருஷக்கணக்காக யூரியாவை அள்ளிக் கொட்டிய பாத்தி அது. செடி தளதளவென்று நின்றது, காயைத்தான் காணோம். உரத்தை நிறுத்தியதும் செடியே வெளுத்துவிட்டது. குருபூஜைக்குள் இன்னும் ஒரு தடவைதான் விதைக்க முடியும்.

"மண்ணு புளிச்சுப்போச்சுன்னு பரிசோதனையில சொன்னாங்க. சுண்ணாம்பு போட்டுச் சரி பண்ணிட்டேன். அப்பவும் இப்படி!"

வடிவம்மை அவர் செடி ஒன்றைப் பிடுங்கினார். வேர் வெறுமனே இருந்தது. பக்கத்திலிருந்த தன் காராமணிப் பாத்தியில் ஒன்றைப் பிடுங்கினார். வேரெல்லாம் மணிமணியாக முடிச்சு.

"காத்துலேர்ந்து சத்து எடுத்துக் குடுக்கற நுண்ணுயிர் இதுக்குள்ள குடியிருக்கு."

"எம் பாத்தியில எங்க போச்சு?"

வடிவம்மை சிரித்தார்.

மறுநாளிலிருந்து மடத்துக்கு மூன்று வேளையும் ஓட்டல் சாப்பாடு வந்தது. தெய்வநாயகத்துக்கு ஒரே கொண்டாட்டம்.

"ஞானம் இப்படித்தாம்மா வரணும்" என்றார், பூரிமசால் விரலை நக்கிக்கொண்டே.

ஒரு காலையில் சாப்பாடு வரவில்லை.

"ஓட்டலை நிறுத்திட்டேன்" என்றார் வடிவம்மை.

தெய்வநாயகம் சமையலறைக்கு ஓடினார். அடுப்பு சில்லென்று கிடந்தது. சமையல்கார மரகதத்தைக் காணோம். காய் நறுக்குகிறவர்களையும் காணோம்.

"அம்மா, ஆளே இல்லையே!"

"வேலை இல்லாத எடத்துல எதுக்கு இருப்பாங்க? மரகதம் மக வீட்டுக்குப் போயிட்டாங்க."

"ஓட்டலை நிறுத்தினது அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதே."

"அப்ப யாராவது போய்க் கூப்பிட்டாத்தானே..."

தெய்வநாயகம் அப்படியே நின்றார். அவருக்குப் பசி மறந்துபோனது.

கூடையைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துப் பக்கம் ஓடினார்.

"மரகதம் மக வீடு இந்தப் பக்கம்!" என்று கத்தினார் வடிவம்மை.

"அவங்களையும் கூப்பிடறேம்மா! மொதல்ல அந்த நுண்ணுயிரைக் கூப்பிடணும், உங்க பாத்தி மண்ணு ஒரு கூடை குடுங்க!"